டல்லடேகாவில் தனியாக விலகாதீர்கள்

வணக்கம். அடுத்த வாரம் கணினியில் கார் ஓட்டும் சிமுலேட்டரில், அமெரிக்காவின் டல்லடேகா பந்தயத் தடத்தில் பந்தயம் இருப்பதாகவும், முந்துவதற்காக வரிசையை விட்டு விலகியதும் பல இடங்கள் பின்தங்கிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். காரின் செட்டப்பில், அதாவது அதன் அமைப்புகளில், குறை தேடாதீர்கள். இது காற்றின் வேலை.

2.66 மைல் தடம், 33 டிகிரி சாய்ந்த வளைவுகள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே சுற்றலாம் என்பதால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துத் தருகிறது. பின்னால் ஒட்டி வருகிற கார், முன்னதைப் பின்னிழுக்கும் காற்றைக் குறைக்கிறது. இருவருக்குமே லாபம். தனியாக விலகினால் இரண்டையும் இழக்கிறீர்கள். எனவே விலகுமுன் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் இருப்பவர் கூடவே வருவார் என்று உறுதியானால் மட்டுமே திருப்புங்கள். வரவில்லையா, இடைவெளி மூடுவதற்குள் உடனே வரிசைக்குத் திரும்பிவிடுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

முன்னவரைத் தள்ளுவதென்றால் நேர்ப்பாதையில், பம்பரின் நடுவில் மெதுவாக. வளைவில் அவருடைய இடது பின் மூலையில் இலேசாகப் பட்டால்கூடப் போதும், அவர் சுழன்று பெரும் விபத்தாகிவிடும். இதில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். உள்பக்க இரட்டை மஞ்சள் கோட்டுக்குக் கீழே இறங்கி முந்துவதும் கூடாது, தண்டனை உண்டு.

இன்னொன்று: அங்கே முடிவுக்கோடு முதல் வளைவை நெருங்கி இருக்கிறது, அதனால் கடைசி வளைவைத் தாண்டிய பிறகும் நீண்ட தூரம் ஓட்ட வேண்டும். கடைசிச் சுற்றில் அவசரப்பட்டு முன்கூட்டியே விலகாதீர்கள். தனியாகச் சுற்றிப் பழகுவதில் பயனில்லை. இந்த வாரம் முழுவதும் கூட்டத்தோடு ஓட்டுங்கள்.