ஆளைத் தேடுமுன் காலியிடத்தை அளப்பது: கால்பந்து கிளப்களின் வீரர் தேர்வு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சீசன் முடிந்ததும் கிளப்கள் முதலில் எதைப் பார்க்கும்? சந்தையில் யார் இருக்கிறார் என்றா?

சொந்த அணியைத்தான். ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள், மாற்று ஆள், வயது, ஒப்பந்தம் முடியும் தேதி, ஆடிய நிமிடங்கள் என்று ஓர் அட்டவணை. 38 ஆட்ட லீகில் ஓர் இடத்துக்கு 3,420 நிமிடம். உங்கள் லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தற்காப்பு வீரர்) 1,900 நிமிடம்தான் ஆடினார் என்றால், மீதி 1,520 நிமிடத்தை யார், எந்த லட்சணத்தில் நிரப்பினார் என்று பாருங்கள். ஓட்டை அங்கேதான் தெரியும். ஒப்பந்தத் தேதியையும் விடக்கூடாது. கடைசி 6 மாதத்தில் வீரர் வேறு கிளப்போடு கையெழுத்துப் போட்டுவிடலாம். உங்களுக்குச் சல்லிக்காசு வராது.

கேள்வி: "நல்ல லெஃப்ட் பேக் வேண்டும்" என்று ஸ்கவுட்டிடம் (வீரர்களைத் தேடிப் பார்ப்பவரிடம்) சொன்னால் போதாதா?

போதாது. உங்கள் இடது விங்கர் (பக்கவாட்டில் தாக்கி ஆடுபவர்) உள்ளே வெட்டி வருபவரா? அப்படியானால் வெளிப்பக்கமாக ஆட்டம் முழுக்க ஓடி ஓடித் திரும்பக்கூடிய ஆள் வேண்டும். விங்கர் கோட்டோரமே நிற்பவரென்றால், நடுவே வந்து பாஸ் கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். தற்காப்பு வரிசை மேலேறி நிற்கும் அணிக்கு, பின்னால் திரும்பி ஓடும் வேகம் இல்லாதவர் எவ்வளவு அழகாக கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே அனுப்பும் பந்து) போட்டாலும் உதவமாட்டார்.

கேள்வி: ஆயிரக்கணக்கான பெயர்களை எப்படி வடிகட்டுவது?

எல்லா எண்ணையும் 90 நிமிடக் கணக்குக்கு மாற்றுங்கள். 900 நிமிடம்கூட ஆடாதவரின் எண்ணை நம்பாதீர்கள். இரண்டு நல்ல ஆட்டமே படத்தை மாற்றிவிடும். ஸ்ட்ரைக்கர் என்றால் பெனால்டி கோல்களைக் கழித்துவிட்டு, அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளின் தரத்தோடு ஒப்பிடுங்கள். டேக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) எண்ணிக்கை பெரிய பொறி. பந்து எப்போதும் எதிரணியிடமே இருக்கும் அணியில் யாருக்கும் டேக்கிள் கூடும். அதைச் சரிக்கட்டிப் பார்க்க வேண்டும். அதற்காக அந்த எண்ணை ஒதுக்கிவிடவும் கூடாது. 2015-ல் பிரெஞ்சு கிளப்பான கானில் இருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் வாங்கிய கான்டே, பந்தைப் பறிக்கும் எண்ணிக்கையில் பிரெஞ்சு லீகிலேயே முன்னணியில் இருந்தவர். அடுத்த மே மாதம் லெஸ்டர் இங்கிலாந்து லீகின் சாம்பியன்.

மிஞ்சும் 10, 15 பேருக்கு வீடியோ. கோல் தொகுப்பு வேண்டாம், தோற்ற ஆட்டங்களைப் போடுங்கள். நேரில் போகிறவர் பந்தைப் பார்க்கக் கூடாது. பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது இவர் எங்கே நிற்கிறார், பந்தை இழந்த அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறார் என்பதே பார்க்க வேண்டியது.

கேள்வி: விலையைவிடச் சம்பளம்தான் ஆபத்து என்கிறார்களே?

இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 6 கோடி பவுண்டு விலைக்கு 5 ஆண்டு ஒப்பந்தம் என்றால், விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும் கணக்கில் ஆண்டுக்கு 1.2 கோடி. வாரச் சம்பளம் 1 லட்சமென்றால் இன்னும் 52 லட்சம். ஆக ஆண்டுச் செலவு 1.72 கோடி. ஒப்பந்தத்தை 8 ஆண்டுக்கு நீட்டி விலையின் ஆண்டுப் பங்கைக் குறைத்துக் காட்டும் வித்தைக்கு 2023-ல் பூட்டுப் போட்டார்கள். விலையை இப்போது அதிகபட்சம் 5 ஆண்டுக்குத்தான் பிரிக்க முடியும்.

கேள்வி: ஆள் பொருத்தம், காசும் இருக்கிறது. விதிகள் தடுக்குமா?

தடுக்கும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டியலில் ஒரு கிளப்புக்கு 25 பேர். அதில் உள்நாட்டில் வளர்ந்தவர் என்ற தகுதி இல்லாதவர் 17 பேருக்கு மேல் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டோர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இங்கிலாந்தில் வேலை அனுமதிச் சிக்கலும் உண்டு. பிரைட்டன் கிளப் 2021-ல் வாங்கிய ஜப்பானியர் மிட்டோமா, அந்த அனுமதி கிடைக்காததால் முதல் சீசனை பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட் ஜில்வாஸ் கிளப்பில் லோனில் (தற்காலிகமாக) ஆடினார்.

கேள்வி: இத்தனையும் பார்த்து வாங்கிய ஆள் ஏன் சொதப்புகிறார்?

முதல் சந்தேகம் பயிற்சியாளர் மாற்றத்தின் மேல். மூன்று சென்டர் பேக் (நடுத் தற்காப்பு வீரர்) முறைக்கு வாங்கிய விங் பேக் (ஓரத்தில் மேலும் கீழும் ஓடி ஆடுபவர்), நால்வர் தற்காப்பு முறையில் எங்கே ஆடுவார்? ஆகவே பயிற்சியாளரின் விருப்பப் பட்டியலை அப்படியே வாங்காமல், கிளப்பின் ஆட்டமுறைக்கு வாங்குவது நல்லது. அடுத்தது காயம். கையெழுத்துக்கு முந்தைய மெடிக்கல் பரிசோதனை அன்றைய உடம்பைத்தான் காட்டும். கடந்த மூன்று சீசனில் தொடைத்தசை எத்தனை முறை இழுத்தது என்பதைத் தனியே தோண்ட வேண்டும். மொழியும் குடும்பம் குடியேறுவதும் மூன்றாவது. வீடு, பள்ளி, மொழிபெயர்ப்பாளர் ஏற்பாட்டைக் கையெழுத்துக்கு முன்பே தொடங்காவிட்டால் முதல் நான்கு மாதம் வீண்.