மாடி வீட்டில் உரம்: வாளி ஏன் நாறுகிறது?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டாவது மாடியில் வாடகை வீடு, நான்கு பேர் குடும்பம். சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்க ஆசைப்பட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் பால்கனியில் சேர்த்து வந்திருக்கிறார். பத்தே நாளில் நாற்றம் தாங்கவில்லை, திறந்தால் புழு. "மாமியார் முதலில் அதைத் தூக்கிப் போடு என்கிறார். எதிர் வீட்டிலும் கேட்டுவிட்டார்கள். மாடி வீட்டில் இது நடக்கிற காரியமா? நடந்தாலும், ஒரு வீட்டுக் குப்பையால் என்ன மாறிவிடும்?" என்று கேட்கிறார்.

நடக்கிற காரியம்தான். வாளியைத் தூக்கிப் போட வேண்டாம், அதில் இருப்பதையும் கொட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் தேடிய சொல் 'சருகு'. காய்கறித் தோல், டீத்தூள், வாழைப்பழத் தோல், பூஜைப் பூ என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். காய்ந்த பொருள் ஒன்றுகூட இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

காய்கறிக் கழிவில் பெரும்பங்கு தண்ணீர். பூசணிக் குடலும் கீரைத் தண்டும் தர்பூசணித் தோலும் அழுகும்போது அந்தத் தண்ணீர் வெளியேறி அடியில் தேங்கும். கழிவு அதில் ஊறிப் படிந்து, காற்று போக வழியில்லாமல் ஆகிவிடும். காற்று இருந்தால் ஒருவகை நுண்ணுயிர்கள் வேலை செய்யும். அவை செய்கிற வேலையில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். காற்று இல்லாவிட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயுவை வெளியிடும். கழிவு மக்கினால் நாறத்தான் செய்யும் என்று பலரும் சகித்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நாறினால் அது மக்கவில்லை, அழுகுகிறது என்று பொருள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறிக் கழிவில் கார்பன் அதைவிடக் குறைவு, நைட்ரஜன் அதிகம். மிஞ்சுகிற நைட்ரஜன் அமோனியாவாகப் போகும்; மூத்திர நெடி போல மூக்கில் ஏறுவது அதுதான். காய்ந்த இலையிலும் மரத்தூளிலும் கார்பன் நிறைய. ஆக, சருகு ஈரத்தையும் உறிஞ்சும், காற்றுக்கும் இடைவெளி விடும், நைட்ரஜனையும் சமன் செய்யும்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்? வாளியின் அடியிலும் பக்கங்களிலும் சூடான கம்பியால் இருபது முப்பது துளை போடுங்கள். கீழே ஒரு பழைய தட்டு, அதன்மேல் இரண்டு செங்கல், செங்கல்மேல் வாளி. இப்போது இருக்கிற கழிவை ஒரு சாக்கில் கொட்டி, அதே அளவு காய்ந்த இலையை நொறுக்கிப் போட்டுக் கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் ஒழுகினால் இன்னும் சருகு வேண்டும். ஓரிரு சொட்டு கசிந்தால் போதும், பிழிந்த துணியின் ஈரம்தான் சரியான ஈரம். வாளியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு பரப்பி, கலந்ததை அதன்மேல் போட்டு, மேலே மறுபடி சருகால் மூடிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் நாற்றம் நன்றாகக் குறைந்துவிடும்.

அப்புறம் தினமும் ஒரே பழக்கம்: ஒரு கிண்ணம் கழிவு போட்டால் ஒரு கிண்ணம் சருகு. இது எடைக் கணக்கு இல்லை, கிண்ணக் கணக்கு. மாம்பழம், தர்பூசணி காலத்தில் சருகை இரண்டு கிண்ணமாகப் போடுங்கள். கழிவின் ஒரு துண்டுகூட மேலே தெரியக்கூடாது. வாரம் இரண்டு முறை அடிவரை கிளறிவிடுங்கள். கழிவு போட்ட கையோடு சருகும் போடச் சோம்பல்பட்டுத்தான் பலர் இதைக் கைவிடுகிறார்கள். அதனால் கழிவு வாளிக்குப் பக்கத்திலேயே ஒரு சருகு மூட்டையும் இருக்கட்டும்.

சருகுக்கு எங்கே போவது? சென்னைத் தெருக்களில் புங்க மரத்துக்குப் பஞ்சமில்லை. கோடை தொடங்கும்போது இலை கொட்டும். இரண்டு சாக்கு சேர்த்துவைத்தால் பல வாரத்துக்கு வரும். கிடைக்காதபோது நர்சரிகளில் விற்கும் தென்னை நார்த்தூள் கட்டியை உதிர்த்துப் போடலாம், தண்ணீரை நன்றாக இழுக்கும். தச்சுப் பட்டறை மரத்தூளும் ஆகும், ஆனால் பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை கலந்திருக்கும். முட்டை அட்டையையும் செய்தித்தாளையும் கிழித்துப் போடலாம். கடையில் விற்கிற உரப் பொடி அவசியமில்லை. ஒரு கரண்டி புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தாலும், பழைய உரம் ஒரு கைப்பிடி போட்டாலும் நுண்ணுயிர் வந்துவிடும். உரம் தயாரிக்கவென்றே விற்கும் மண் அடுக்குப் பானைகள் நல்லவை, ஆனாலும் இருக்கிற வாளியை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

இப்போது புழு. வெள்ளையாக, மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் வீட்டு ஈயின் புழு. கழிவைச் சருகால் மூடாமல் விட்டதால் ஈ முட்டையிட்டிருக்கிறது. சருகைக் கூட்டி ஈரத்தைக் குறைத்தால் போய்விடும். தட்டையாக, பழுப்பாக, வளையம் வளையமாக, விரல் நகத்தைவிடச் சற்று நீளமாக இருந்தால் பயப்படாதீர்கள். அது கறுப்புப் படைவீரன் ஈ என்று சொல்லப்படும் பூச்சியின் புழு. கழிவை அசுர வேகத்தில் தின்று முடிக்கும். வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டு ஈயைப் போலச் சோற்றில் வந்து மொய்க்காது. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் சருகைக் கூட்டினால் அதுவும் குறையும். எறும்பு வந்தால் மட்டும் கதை தலைகீழ்: வாளி காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் நல்ல அறிகுறி.

மீன், கறி, எண்ணெய் மிதக்கும் குழம்பு இவற்றை முதல் சில மாதங்களுக்குப் போடாதீர்கள். கொட்டாங்குச்சியும் மாங்கொட்டையும் லேசில் மக்காது. மழைக்காலத்தில் வாளியைச் சாரல் படாத மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு வீட்டால் என்ன மாறும் என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு அருகிலேயே பதில் இருக்கிறது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தான் எழுந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த அதே சதுப்பு நிலம். அங்கே பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையைத் தொடங்க வேண்டியதாயிற்று. குப்பை மலைக்குள் காற்றில்லாமல் புதையும் சோறும் தோலும் மீத்தேனாகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். உங்கள் வாளிக்குள் பத்து நாளில் நடந்ததுதான் அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது.

என் கணிப்பில் இதைவிடவும் பெரிய பலன் இன்னொன்று. ஈரக் கழிவு கலக்காத குப்பை சுத்தமாக இருக்கும். சாம்பார் படாத காகிதத்தையும், அலசிக் காயவைத்த பால் கவரையும் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அழுக்கில் ஊறியதைக் கைபடப் பிரிக்க வேண்டிய தூய்மைப் பணியாளருக்கு அந்த வேதனையும் குறையும். பிரித்துக் கொடுப்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளில் உள்ள கடமையும்கூட. ஒருவேளை வாளி உங்களுக்குச் சரிப்பட்டு வரவே இல்லை என்றாலும் பிரிப்பதை மட்டும் விடாதீர்கள்.

வாளி நிறைந்ததும் இரண்டாவது வாளியைத் தொடங்குங்கள். முதல் வாளியை அவ்வப்போது கிளறி இரண்டு மாதம் விட்டுவிடுங்கள். கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வந்ததும் சலித்து, ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து தொட்டியில் போடலாம். வீட்டு வாளி விதை சாகும் அளவுக்குச் சூடாவதில்லை. அதனால் தொட்டியில் நீங்கள் விதைக்காத தக்காளியும் பப்பாளியும் முளைக்கும். தக்காளியை வேறு தொட்டிக்கு மாற்றி வளர்க்கலாம். பப்பாளிக்கு மட்டும் கீழே கொஞ்சம் தரை வேண்டும், வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.