மேடையேறும் முன் வாய் உலரும்போது உமிழ்நீரின் எதிர்ப்புப் பொருளும் குறைந்துவிடுமா?

பதற்றத்தில் வாய் உலர்ந்துபோகும் அந்தச் சில நிமிடங்களில் கிருமிகளுக்கு எதிரான காவலும் தளர்ந்துவிடுமோ என்பது உங்கள் கவலை. நீர் குறைவது வேறு, எதிர்ப்புப் பொருள் குறைவது வேறு.

உமிழ்நீரின் முதன்மையான எதிர்ப்புப் பொருள் இம்யூனோகுளோபுலின் ஏ. சுரப்பிக்குள்ளேயே தங்கியிருக்கும் பிளாஸ்மா செல்கள் அதை உருவாக்குகின்றன. அது சுரப்புச் செல்லின் அடிப்புறத்திலுள்ள ஓர் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, செல்லின் ஊடாகவே கடந்து, மறுபுறத்தில் ஏற்பி வெட்டுப்பட்டதும் அதன் ஒரு துண்டைச் சுமந்தபடி உமிழ்நீரில் கலக்கிறது. நொதிகள் அதைச் சிதைத்துவிடாமல் காப்பது அந்தத் துண்டுதான்.

நரம்பின் கை இந்தப் பயணத்தில்தான் இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கார்பென்டர் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், எலியின் கீழ்த்தாடைச் சுரப்பிக்குச் செல்லும் நரம்புகளைத் தூண்டியபோது, பரிவு (நெருக்கடிக்கு உடலைத் தயாராக்கும் நரம்பு), எதிர்ப்பரிவு (ஓய்வு நிலையில் உடலை இயக்கும் நரம்பு) ஆகிய இரண்டுமே இம்யூனோகுளோபுலின் ஏ வெளியேற்றத்தை உயர்த்தின. பரிவு நரம்பின் விளைவே வலுவாக இருந்தது. புதிதாக எதிர்ப்புப் பொருள் உருவாகச் சில நிமிடங்கள் போதா. ஆகவே நரம்பு விரைவுபடுத்துவது உற்பத்தியை அன்று, ஏற்கெனவே உருவானதன் கடத்தலை.

மாணவனாக இருந்தபோது ஆய்வகத்தில் மெழுகை மென்றபடி எடையிட்ட குழாயில் உமிழ்நீரைச் சேகரித்திருக்கிறேன். மெல்லாமல் எடுத்தது நூலாக இழுபட்டது. மென்றபின் வந்தது தண்ணீராக ஓடியது. மில்லிலிட்டர் கணக்கில் பார்த்தபோது எதிர்ப்புப் பொருள் குறைந்திருந்தது. நிமிடக் கணக்கில் பார்த்தபோதோ கூடியிருந்தது. இவ்விரு கணக்கையும் குழப்பிக்கொள்வதால்தான் இத்துறையில் முரணான செய்திகள் உலவுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உங்கள் மேடைக்கு வருவோம். பதற்றத்தில் எதிர்ப்பரிவு நரம்பு அடங்குவதால் நீர் வற்றுகிறது. ஆனால் பரிவு நரம்பு விழித்திருக்கிறது. பலர் முன் பேசுதல், மனக்கணக்கு போன்ற குறுகிய நெருக்கடிகளில் உமிழ்நீரின் இம்யூனோகுளோபுலின் ஏ உயர்ந்ததைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. எனவே அந்தச் சில நிமிடங்களுக்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

வாரக்கணக்கில் நீளும் அழுத்தம் அப்படியன்று. ஜெம்மாட் குழுவினர் 1983இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், பல் மருத்துவ மாணவர்களுக்குத் தேர்வு நெருக்கடி மிகுந்த மாதங்களில் உமிழ்நீரில் இம்யூனோகுளோபுலின் ஏ சுரக்கும் வீதம் தாழ்ந்திருந்தது.