அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதி வெட்டு முனைவர் பட்ட மாணவரைப் பாதிக்குமா?

ஆய்வு மானியத்துடன் கட்டடம், அலுவலகம் போன்ற பொதுச் செலவுக்காகப் பல்கலைக்கழகத்துக்குச் சேர்த்துத் தரும் மேல்செலவுப் பணத்தை, அதாவது நிர்வாகம் விழுங்கும் பணத்தைத்தானே அமெரிக்க அரசு குறைக்கிறது, முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் எனக்கு அதனால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "விழுங்கும்" நிர்வாகத்தில்தான், ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதிப் பிரிவில், நான் வேலை பார்க்கிறேன். ஆகவே இதைச் சார்புள்ளவனின் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் உயிரியல் சார்ந்த துறைக்கு விண்ணப்பிப்பவர் என்று கருதுகிறேன். 2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமையன்று, மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்.ஐ.எச்.) மானியங்களுக்கு மேல்செலவு இனி 15 விழுக்காடுதான் என்றும், அது திங்கட்கிழமையே நடைமுறைக்கு வரும் என்றும் அறிவிப்பு வந்தது. ஆராய்ச்சியில் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு அரசே பேசி ஒப்புக்கொண்டிருந்த விகிதம் 50க்கும் மேல். நீதிமன்றம் விரைவிலேயே தடை விதித்தது உண்மைதான். ஆனால் ஒரு முனைவர் பட்ட மாணவரைச் சேர்ப்பதென்றால் ஏறத்தாழ ஐந்தாண்டு உதவித்தொகைக்கும் கட்டணத்துக்கும் துறை பொறுப்பேற்க வேண்டும். தடை எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாத நிலையில் அந்தப் பொறுப்பில் கையெழுத்திட எங்கள் துறைகளில் எவரும் முன்வரவில்லை. சேர்க்கைக் கடிதங்கள் அனுப்பும் பருவமும் அதுவே என்பதால், தேர்வாகியிருந்த சிலருக்குக் கடிதமே போகவில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தின் மேல்செலவு விகிதம் 60 விழுக்காடு என்றதும் நூறு டாலரில் அறுபதை நிர்வாகம் எடுத்துக்கொள்கிறது என்று படித்தவர்களே எழுதுவது எனக்குச் சலிப்பூட்டுகிறது. ஆய்வுக்கு நூறு டாலர் கொடுத்தால் அதற்கு மேல் அறுபது என்பதே கணக்கு. மொத்தத்தில் அது 37.5 விழுக்காடு. விலையுயர்ந்த கருவிகளும் மாணவரின் கல்விக் கட்டணமும் அந்தக் கணக்கிலேயே சேருவதில்லை. அலுவலகச் செலவுக்கான பங்குக்கு 26 விழுக்காடு என்ற உச்சவரம்பு 1991 முதலே இருக்கிறது. எஞ்சியது ஆய்வகக் கட்டடம், மின்சாரம், நூலகம் போன்றவற்றுக்குரியது. நிர்வாகத்தில் வீண்செலவே இல்லை என்று நான் வாதிடவில்லை. அதைக் குறைக்க வேண்டுமானால் ஓராண்டு முன்னறிவிப்புடன் குறைக்கலாம். வார இறுதியில் குறைக்க முடியாது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் பெறும் முதுநிலை மாணவர்களுக்கு, கிராட் பிளஸ் என்ற அமெரிக்க அரசின் கல்விக் கடனை நிறுத்துகிறது. வெளிநாட்டு மாணவருக்கு அந்தக் கடன் முன்பும் கிடைத்ததில்லை என்பதால் உங்களுக்கு அது நேரடிக் கவலையன்று.

சேர்க்கைக் கடிதம் வந்தால், பேராசிரியரின் மானியம் நின்றுபோனாலும் உதவித்தொகைக்குத் துறை பொறுப்பேற்குமா, எத்தனை ஆண்டுக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேராசிரியரின் வாய்மொழி உறுதி போதாது. அவருடைய மானியமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதே.