12,000 வோல்ட்டும் ஒன்றரை அடிக் கம்பியும்

இரண்டு பந்தயக் குதிரைகளைப் பிரித்து மேயவிட சோலார் வேலி போட்டோம். வேலிக்கு மின்சாரம் கொடுக்கிற மிஷினின் பெட்டியில் 12,000 வோல்ட் என்று இருக்கிறது. குதிரையோ மின்சாரம் ஓடுகிற வேலி நாடாவில் கழுத்தைத் தேய்த்துச் சொறிகிறது. மிஷினை மாற்றித் தரச் சொல்லலாமா? – வள்ளியூர்

முதலில் எர்த்தை, அதாவது மிஷினிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் கம்பியைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் காய்ந்த செம்மண்ணில் ஒன்றரை அடிக் கம்பி ஒன்று நிற்கிறது. ஆட்டுக்குட்டி கட்டலாம், அவ்வளவுதான்.

இந்த வோல்ட் வியாபாரத்தின் மேல் எனக்கு நெடுநாள் ஆத்திரம். பெட்டியில் போடுகிற எண், வேலியை மாட்டாமல் மிஷினை மட்டும் அளந்தது. நாடா நீளமாகி, நாலு இடத்தில் சீமைக்கருவேலங்கிளை உரசினால் அதில் பாதிகூட மிஞ்சாது. மிஷினுக்கு எவ்வளவு தெம்பு என்பதைச் சொல்வது ஜூல் கணக்கு. கடையில் அதைக் கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று முழிப்பார்கள். குதிரை மேல் பாய்கிற மின்சாரம் மண் வழியாகத்தான் மிஷினுக்குத் திரும்ப வேண்டும். சித்திரை வெயிலில் நம் பக்கத்து மண் அதற்கு வழிவிடாது. ஆறடிக் கம்பி மூன்றைப் பத்தடிக்கு ஒன்றாக, தண்ணீர்த்தொட்டி ஓரமாக அடித்து இணையுங்கள். போதவில்லையா, வேலியில் ஒரு வரி நாடாவை எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். அதையும் மின்சாரம் ஓடுகிற வரியையும் சேர்த்துத் தொட்டால் மண்ணின் தயவில்லாமலே அடிக்கும். மின்வேலிக்கென்றே உள்ள வோல்ட் டெஸ்டர் வாங்கி வேலியின் கடைக்கோடியில் அளங்கள். 3,000 வோல்ட்டாவது இல்லையென்றால் குதிரை மதிக்காது.

நாடா விஷயத்தில் நானும் ஏமாந்தவன்தான். ‘வெயில் தாங்கும்’ என்றார்கள், மலிவாகவும் இருந்தது. ஒரே கோடையில் வைக்கோல் மாதிரி கையில் பொடிந்தது.

பழைய முள்கம்பி நிறைய கிடக்கிறது. வீட்டு லைனையே அதில் கொடுத்தால் மிஷின் செலவு மிச்சம்தானே? – மானூர்

குதிரை சாகும், தொடுகிற ஆளும் சாவார், நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்கள். அடுத்த கடிதம்.

வேலி மிஷின் இருபதே நாளில் செத்துவிட்டது. ‘பில் இல்லாமல் மாற்ற முடியாது’ என்கிறார்கள். அன்றைக்குப் பில் கேட்டதற்கு ‘எதுக்கு அண்ணாச்சி, நம்ம கடைதானே’ என்றார்கள். – மூலைக்கரைப்பட்டி

உங்கள் மேல் தப்பில்லை. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஜிபேயில் பணம் போன பதிவு, கடைக்காரரின் வாட்ஸ்அப் பேச்சு, பெட்டியில் உள்ள சீரியல் எண், எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

ராசியான மயிர்ச்சுழி பார்த்துத்தான் புதுக் குதிரை வாங்கினோம். வந்த நாளிலிருந்து பழைய பெட்டைக்குதிரை அதை உதைக்கிறது. நடுவில் நாடா கட்டியும் அதற்கு மேலேயே சண்டை. – திசையன்விளை

சுழி பார்த்த நேரத்தில், மற்ற குதிரைகளோடு எப்படி இருக்கும் என்று விற்றவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். சரி, நடந்தது நடந்துவிட்டது. ஒற்றை வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றால் மூக்கும் உரசும், காலும் வீசும். பத்தடி சந்து விட்டு இரண்டு வேலியாகப் போடுங்கள். கூர்மையான மூலையே இருக்கக்கூடாது. துரத்தும்போது புதுசு அதில்தான் மாட்டும். மூலைகளை வளைத்துக் கட்டுங்கள். சில வாரம் பார்த்துப் பழகட்டும். பிறகு சேர்க்கும்போது பின்னங்கால் லாடத்தைக் கழற்றி, தீவனத்தை மூன்று இடத்தில் தள்ளித் தள்ளிப் போடுங்கள். அப்படியும் பெட்டை விடாமல் துரத்தினால் தனித்தனியாகவே இருக்கட்டும். சில குதிரைகளுக்குக் கடைசிவரை ஒத்துப்போகாது.

காட்டோரத்தில் இருக்கிறோம். மின்வேலிக்கு அனுமதி வேண்டுமா? ‘அதெல்லாம் தேவையில்லை’ என்கிறார் கடைக்காரர். – களக்காடு

வேண்டும். 2023 தமிழ்நாடு மின்வேலி விதிகள்படி, காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் என்றால் முதலில் வனத்துறையிடம் போங்கள். கடைக்காரர் சொன்னதைப் பில்லில் எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்களேன்.