கடம் செய்பவரின் மகனுக்கு

அன்புள்ள ஐயா,

கதைப்படம் அரைமணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. ஆவணப்படம் என்றால் கடைசிவரை உட்கார்ந்துவிடுகிறேன். ஏன் இப்படி? இன்னொன்று: என் அப்பா மானாமதுரையில் கடம் செய்கிறவர். அவரைப் பற்றி 20 நிமிடப் படம் எடுக்க ஆசை. 4கே கேமராவும் ட்ரோனும் வாங்கலாமா? கேமராவுக்காக ஒரு வேலையைத் திரும்பச் செய்யச் சொன்னால் அது ஆவணப்படம் ஆகுமா?

– க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியைத் தள்ளிவைப்போம். உள்ளே வெளிச்சம் போதாதென்று பாதி வெட்டிய பனிவீட்டைக் கட்டவைத்துத்தான் அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி, பனிநாட்டு வேட்டைக்காரர் நனூக்கை ஆவணப்படமாகப் படம்பிடித்தார். படம் வந்தது 1922-இல். அது ஆவணப்படமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ட்ரோன் வேண்டாம், அப்பா உட்கார்ந்து வேலைசெய்வது தரையில்.

கேமராவைப் பற்றி இவ்வளவு கேட்டீர்களே, மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? அப்பா செய்வது காதுக்கென்றே பிறக்கிற பானை. அவர் மகனுக்கு ஒலி ஞாபகமே வரவில்லை என்றால் என்ன சொல்ல!

உங்கள் முதல் கேள்விக்கும் இதில்தான் பாதி பதில் இருக்கிறது. தியேட்டரில் முன்பு ஓடிய, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படங்களில் உழவர் வாயசைப்பார்; பேசுவது வேறொரு கனத்த குரல். 1960 வாக்கில் தோளில் மாட்டிப் போகும் ஒலிப்பதிவுக் கருவியும் இரைச்சல் குறைந்த கேமராவும் கைக்கு வந்த பிறகுதான் மனிதர்கள் தங்கள் திண்ணையில் உட்கார்ந்து, திக்கித் திணறி, தங்கள் குரலில் பேசுவது சாதாரணமாயிற்று. அந்தத் திக்கலுக்காகத்தான் நீங்கள் எழுந்திருக்காமல் இருக்கிறீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். காலர் மைக்கை நம்பாதீர்கள். சட்டையில்லாமல் வேலைசெய்கிறவர் என்றால் வியர்வையில் டேப் நழுவும், துண்டு உரசும். கன் மைக்கை, அதாவது நீட்டிய திசையின் ஒலியையே அதிகம் வாங்கும் நீள மைக்கை, கழியில் கட்டி, ஃபிரேமுக்குச் சற்று மேலே, வாயிலிருந்து இரண்டடிக்குள் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எட்டடி தள்ளிக் கேமரா மேல் உட்கார்ந்த மைக், சுவரின் எதிரொலியைத்தான் அள்ளிவரும். ஒலிப்பதிவுக் கருவியில் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். பேச்சின் உச்சம் கருவியின் அளவுமானியில் மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும். இன்னும் சுடாத பச்சைக் கடத்தைப் பலகையால் தட்டும்போதும் அதே அளவில் விட்டால் ஒலி உடைந்துவிடும். அப்போது அளவைத் தனியாகக் குறையுங்கள். உடைந்த ஒலி, சூளையில் விரிசல் விட்ட கடம் மாதிரி. எடிட்டிங்கில் ஒட்டாது.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும். நிறுத்தியதும் வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவைப்பது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம்: கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஸ்விட்ச் ஞாபகம் வரும், அம்மாவின் மாவும் பொங்காது.

பிறகு, எல்லோரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவுசெய்யுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதவர் குறைவு. அப்பாவின் இருமலையோ ‘வந்து... வந்து...’வையோ வெட்டினால் அந்த இடத்தில் ஒலியில் குழி விழும். காது உடனே அதில் தடுக்கிவிழும். குழியை மூட அதே அறையின் அமைதிதான் வேண்டும். பட்டறையின் அமைதி வேறு, திண்ணையின் அமைதி வேறு. இடம் மாறினால் மறுபடி ஒரு நிமிடம்.

அவர் பேசும்போது ‘ம்’ கொட்டாதீர்கள். மகன் என்ற பழக்கத்தில் கொட்டுவீர்கள். அவர் குரல்மேல் விழுந்த ‘ம்’மைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் நிறுத்தியதும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அடுத்த கேள்விக்குப் பாய்ந்தால், அவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும், தம்பி.

முதலில் கையிலிருக்கும் செல்ஃபோனில், அவர் சுட்ட கடத்தைத் தட்டிப் பார்க்கும் ஓசையை மட்டும் ஒரு விடியற்காலையில் பிடித்து எனக்கு அனுப்புங்கள். கேமராவை அப்புறம் பார்ப்போம்.