பிரிக்காத இசைத்தட்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க மெட்டல் குழுவான ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ ஆல்பத்தை இசைத்தட்டாக வாங்கினேன். மறுபதிப்புதான். வந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் மதிப்பு போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். பாட்டைப் போனில்தான் கேட்கிறேன். 1986இல் வந்த முதல் பதிப்பைத் தேடி வாங்குவதா, இதுவே போதுமா? இன்னொன்று, மொத்தமே 29 நிமிடம்தான் ஓடுகிறது. கொடுத்த விலை அதிகமோ என்று உறுத்துகிறது. முதல் பாட்டு ஒரு நாஜி மருத்துவரைப் பற்றியது என்பதால் வீட்டில் ஒலிக்கவிடவும் தயக்கம்.

ம.,
ஓசூர்

அன்புள்ள ம.,

ஒரு வாரமாக இந்த ஆல்பத்தின் நீளத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

நாஜி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். முதல் பாட்டான ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜி மருத்துவர் மெங்கலே செய்த கொடுமைகளைச் சொல்கிறது. எழுதியவர் குழுவின் கிட்டாரிஸ்ட் ஜெஃப் ஹன்னமன். கொடுமையைச் சொல்வது வேறு, அதற்குத் தலையாட்டுவது வேறு. அந்தப் பாட்டையும் அட்டைப் படத்தையும் பார்த்துவிட்டு கொலம்பியா நிறுவனம் விநியோகிக்க மறுத்தது, கெஃபன்தான் கடைக்கு அனுப்பியது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அவ்வளவுதான்.

29 நிமிடம் என்று குறைபட்டுக்கொள்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். பாட்டை ஆட்டோ மீட்டர் மாதிரி அளக்காதீர்கள். அதற்கு முந்தைய ஆல்பமான ‘ஹெல் அவெய்ட்ஸ்’ 1985இல் வந்தது. 7 பாட்டு, 37 நிமிடம், எல்லாமே எதிரொலியில் ஊறியது. அடுத்த வருடம் அதே நான்கு பேர் 10 பாட்டை 29 நிமிடத்தில் முடித்தார்கள். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் மட்டும்தான் நான்கு நிமிடத்தைத் தாண்டும். ‘நெக்ரோஃபோபிக்’ இரண்டு நிமிடம்கூட இல்லை. தயாரிப்பாளர் ரிக் ரூபின் அதுவரை ஹிப்ஹாப்பில் பேர் வாங்கியவர். அவரும் ஒலிப்பதிவாளர் ஆண்டி வாலஸும் எதிரொலியைத் துடைத்து எடுத்தார்கள். இவ்வளவு வேகமாக வாசிக்கும்போது எதிரொலி இருந்தால், ஒரு அடியின் வால் அடுத்த அடியின் மேல் விழும், எல்லாம் சேறாகிவிடும். அதை எடுத்ததால்தான் ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’தில் மற்ற எல்லாரும் நின்றுவிட, டிரம்மர் டேவ் லொம்பார்டோவின் இரண்டு கால்களும் பேஸ் டிரம்மில் தனியாக ஓடுகிற அந்தச் சில நொடிகளில், ஒவ்வொரு மிதியையும் தனித்தனியாக எண்ணலாம் போலக் கேட்கிறது.

இப்போது தட்டுக்கு வருவோம். எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது, கடைசி வரை ஒரே சீராக. ஆனால் விளிம்பில் ஒரு சுற்று நீளம், நடு லேபிளுக்குப் பக்கத்தில் ஒரு சுற்று குட்டை. விளிம்பில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் தடம் ஓடும். லேபிளை ஒட்டி வரும்போது அது 21 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அதே அளவு ஒலியை பாதி இடத்துக்கும் குறைவாக அடைக்க வேண்டும். சிம்பலும் கிட்டாரின் கூர்மையும் அங்கேதான் கரகரக்கும். போதாததற்கு, பேஸும் சத்தமும் கூடினால் தடம் இரண்டு பக்கமும் அகலமாக ஆடும், அதற்கும் இடம் வேண்டும். அதே 1986இல் வந்த மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ 54 நிமிடத்துக்கு மேல், ஒரே தட்டில். பக்கத்துக்கு 27 நிமிடம். நெருக்கி நெருக்கித்தான் வெட்ட முடியும், சத்தத்தையும் குறைத்தாக வேண்டும். ஸ்லேயருக்குப் பக்கத்துக்குப் பதினாலரை நிமிடம். தடங்களைத் தாராளமாக விட்டு வெட்டலாம், சத்தமாகவும் வெட்டலாம், லேபிளுக்கு வெகுதூரம் முன்பே நிறுத்தியும்விடலாம். ‘ரெய்னிங் பிளட்’ என்ற கடைசிப் பாட்டுக்கு, மற்ற பல ஆல்பங்களின் கடைசிப் பாட்டுக்குக் கிடைக்காத இடம் கிடைக்கிறது. நீங்கள் குறைச்சல் என்று சொல்கிற அந்த 29 நிமிடம் தருகிற இடம் அது.

நான் முதலில் கேட்டது கேசட்டில். கோவை ஹாஸ்டலில் என் சீனியர் அண்ணன் ஒருவர் பதிந்து கொடுத்த 60 நிமிட கேசட். உள் அட்டையில் பத்துப் பாட்டின் பெயரையும் நீல மையில், எறும்பு எறும்பாக, அவரே எழுதியிருந்தார். ஒரு பக்கம் 30 நிமிடம், முழு ஆல்பமும் அதிலேயே முடிந்துவிட்டது. திருப்பிப் போட்டால் மறுபடியும் அதே ஆல்பம். ஏன் அண்ணா, அந்தப் பக்கத்தில் வேற ஏதாவது பதிந்திருக்கலாமே என்று கேட்டேன். “இதுக்கப்புறம் வேற எதைடா கேப்ப?” என்றார். கம்பெனி கேசட்டும் அப்படித்தான், இரண்டு பக்கமும் முழு ஆல்பம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாடா சிக்கும்போதெல்லாம் பேனாவைவிட்டுச் சுற்றிச் சுற்றி, படிப்பு முடிகிற வரை அதைக் கேட்டேன். அட்டையில் எழுத்து மங்கிப்போனது.

பல வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் தட்டில் கேட்டேன். ஐந்தாவது பாட்டான ‘ஜீசஸ் சேவ்ஸ்’ முடிந்தது. நின்றுவிட்டது. அறையில் ஃபேன் சத்தம் மட்டும். நண்பர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டு, முள்ளை வைக்கும் வரை எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. என் கேசட்டில் அந்த இடத்தில் ஒரு நொடி இடைவெளிகூட இருக்காது, அடுத்த பாட்டு பாய்ந்து வந்துவிடும். அத்தனை வருடம் மனப்பாடமாகக் கேட்ட ஆல்பத்துக்கு நடுவில் ஒரு மூச்சு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அப்புறம் ‘போஸ்ட்மார்ட்டம்’ முடிந்து, ‘ரெய்னிங் பிளட்’டின் தொடக்கத்தில் வரும் மழைச் சத்தம் தொடங்கியது. தட்டின் பழைய பொரிபொரிப்பும் மழைச் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, எது மழை, எது கீறல் என்று பிரிக்கவே முடியவில்லை. அந்த மழைக்குள் அந்த மூன்று டிரம் அடிகள் விழும் பாருங்கள், நானும் நண்பரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதையெல்லாம் பிளாஸ்டிக்குக்குள் வைத்துப் பூட்டிவிட்டு போனில் கேட்கிறேன் என்கிறீர்கள். அதுவும் மூன்று மாதமாக! மதிப்பு போய்விடும் என்று சொன்ன நண்பர்கள் யாராவது இந்த ஆல்பத்தை முழுசாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பாட்டுக்காகச் சேர்த்த காசில் வாங்கியதை அடகுக்கடைப் பொருளாக ஆக்கிவிடாதீர்கள் ம. எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

எந்தப் பதிப்பு என்று கேட்டிருந்தீர்கள், சரி. முதல் பதிப்பு நல்ல நிலையில், கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அலமாரியில் இருப்பதே போதும். இன்று ராத்திரி நகத்தால் அந்த உறையை ஓரத்தில் கீறுங்கள். புதுத் தட்டிலும் தூசி இருக்கும், பிரஷ்ஷால் ஒருமுறை துடைத்துவிட்டு முள்ளை வையுங்கள். ஏ பக்கம் முடிந்ததும் போனை எடுக்காதீர்கள். எழுந்து போய்த் திருப்பிப் போடுங்கள்.